மூட்டு வலியும் மன வலியும்

உங்கள் வீட்டில் முடக்குவாத நோயாளி எவரேனும் உண்டா? காலையில் விரல்களை மடக்கவே அவர் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். உடலின் தற்காப்புப் படையே மூட்டுகளைத் தாக்குவதால் வரும் நோய் இது. அப்படையை அடக்கும் மருந்தைத் தொடர்ந்தால் கொரோனா முற்றிவிடுமோ, நிறுத்தினால் மூட்டு வீங்குமோ என்று 2020-இல் இவர்கள் தவித்தார்கள். போதாக்குறைக்கு, இவர்களில் பலர் உண்ணும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கொரோனாவைப் போக்கும் என்ற பேச்சு அவ்வாண்டு மார்ச்சில் கிளம்பவே, பல நாடுகளில் அது கடைகளில் கிடைக்காமல் போயிற்று. (போக்காது என்று ஆய்வுகள் பின்னர் காட்டின!)

கவலை உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கம் கெட்டால் வலி கூடும். மூட்டழற்சியில் மிகும் சைட்டோகைன்கள் என்னும் புரதங்களோ மூளையையும் எட்டி, மனச்சோர்வுக்கு வழிகோலுகின்றன. ஆகவே மருந்தைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் மூட்டோடு உறக்கத்தையும் மனத்தையும் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.