நிக்காஹ் பத்திரிகை: எந்த அச்சு நமக்கு ஏற்றது?



நிக்காஹ் தேதி முடிவானதும் நம் வீடுகளில் முதலில் தொடங்கும் செலவுகளில் ஒன்று பத்திரிகை. கடையில் ஆல்பத்தைப் புரட்டி, பளபளப்பான கார்டைப் பிடித்துப்போன பிறகுதான் விலையைக் கேட்கிறோம். அதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, எத்தனை பத்திரிகை வேண்டும் என்பதே. அச்சு முறையைத் தீர்மானிக்க வேண்டியது அந்த எண்ணிக்கைதான்.

மதுரையில் பெரும்பாலும் மூன்று முறைகளில் பத்திரிகை அச்சாகிறது.

ஆப்செட்: நிறத்துக்கு ஒரு பிளேட் வீதம், பல வண்ணப் படத்துக்கு நான்கு பிளேட் செய்வார்கள். பிளேட்டில் எழுத்துள்ள இடம் மையைப் பிடிக்கும், மற்ற இடம் தண்ணீரைப் பிடிக்கும். மை ரப்பர் விரிப்பில் பதிந்து, அங்கிருந்து தாளுக்கு வரும். பிளேட் செலவும் மெஷினைத் தயார் செய்யும் கூலியும் 100 பத்திரிகைக்கும் 2,000 பத்திரிகைக்கும் ஒன்றுதான். தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களோடு சேர்ந்து வளர்ந்த சிவகாசியின் அச்சுத் தொழில் பெரிதும் இம்முறையில்தான் நடக்கிறது.

ஸ்கிரீன்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில் எழுத்துள்ள இடம் மட்டும் திறந்திருக்கும். அதன் வழியே மையை ரப்பர் பட்டையால் தேய்த்து இறக்குவார்கள். கெட்டிக் கார்டுக்கும் அடர்நிறக் கார்டுக்கும் ஏற்றது. சிவகாசியில் மொத்தமாக அச்சாகி வரும் டிசைன் கார்டுகளில் நம் வீட்டு விவரத்தை மட்டும் உள்ளூரில் இப்படிச் சேர்ப்பதுண்டு. நிறம் கூடினால் கூலியும் கூடும். மிகச் சிறிய எழுத்து அடைத்துக்கொள்ளும்.

டிஜிட்டல்: பிளேட் கிடையாது. கம்ப்யூட்டரிலிருந்து நேரே அச்சாகும். 50 வேண்டுமென்றாலும் அடித்துத் தருவார்கள். ஆனால் எண்ணிக்கை கூடினாலும் ஒரு பத்திரிகையின் விலை அதிகம் இறங்காது.

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம் (இவை சந்தை விலை அல்ல). ஆப்செட்டுக்குத் தொடக்கச் செலவு ரூ.2,000, பிறகு ஒன்றுக்கு ரூ.2 என்றும், டிஜிட்டலுக்கு ஒன்றுக்கு ரூ.10 என்றும் வைத்துக்கொள்வோம். 100 பத்திரிகைக்கு ஆப்செட் ரூ.2,200, டிஜிட்டல் ரூ.1,000. 250-இல் இரண்டும் ரூ.2,500. 1,000-க்கு ஆப்செட் ரூ.4,000, டிஜிட்டல் ரூ.10,000. கடைக்காரர் சொல்லும் விலைகளை வைத்து இதே கணக்கை வீட்டில் போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒரே டிசைனுக்குச் சம்மதித்தால், ஆப்செட்டில் அழைப்பவர் விவரம் உள்ள கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றி இரு வீட்டுக்கும் சேர்த்து அடிக்கலாம். தங்க ஃபாயில் வேண்டுமானால் அது தனி வேலை, தனிச் செலவு.

அடுத்து அரபி எழுத்து. அரபியில் ஓர் எழுத்து சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் வெவ்வேறு வடிவம் எடுக்கும். ஈய அச்சில் இதைக் கோப்பது கடினம். 1796-இல் ஜெர்மனியில் அலோய்ஸ் செனெஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு வந்த பிறகு, கையால் எழுதியதை அப்படியே அச்சிட முடிந்தது. நம் முன்னோரின் அரபுத்தமிழ் நூல்கள் பல அவ்வாறே அச்சாயின. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற அதே தத்துவம்தான் இன்றைய ஆப்செட்டிலும் இருக்கிறது. ஆனால் பழைய டி.டி.பி. மென்பொருள்களில் அரபியை ஒட்டினால் எழுத்துகள் பிரிந்து, இடமிருந்து வலமாக ஓடிவிடும். அரபி தெரியாத ஊழியருக்கு அது பிழையென்றே தெரியாது. ஆகவே பிஸ்மில்லாஹ்வைப் படமாகவே கொடுங்கள். அச்சுக்குப் போகுமுன் மஹல்லா இமாமிடம் காட்டிவிடுங்கள். விருந்து முடிந்ததும் பத்திரிகைகள் குப்பைக்குப் போவதை நாம் பார்க்கிறோம். இறைவசனங்களை அச்சிடலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெயர். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதிவின்போது பத்திரிகையையும் ஆதாரமாகக் கேட்பதுண்டு. பத்திரிகையில் ‘முஹம்மது’, ஆதாரில் ‘முகமது’ என்றிருந்தால் அலைச்சல் நமக்கே. வீட்டில் அழைக்கும் பெயரைப் போடாமல், சான்றிதழில் உள்ளபடியே கொடுங்கள். பிறை பார்ப்பதைப் பொறுத்து ஹிஜ்ரி தேதி ஒரு நாள் மாறலாம் என்பதால், ஆங்கிலத் தேதியையும் கிழமையையும் முதலில் போடுங்கள்.

புரூஃபை செல்போன் திரையில் மட்டும் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். தாளில் எடுத்துத் தரச் சொல்லி, இரண்டு பேர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே முன்பணம் போக மீதியைப் பேசுங்கள். அச்சான பிறகு தெரியும் பிழைக்கு ஆகும் செலவு, நாம் மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் கொண்டுபோய்விடும்.