சிறுதேர் உருட்டுவோம்: பிள்ளையோடு சேர்ந்து ஒரு மரக் கார்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம். பாட்டுடைத் தலைவனைக் குழந்தையாகப் பாவித்து, சிறுதேர் உருட்டி விளையாடுமாறு வேண்டுவது அப்பருவத்தின் மரபு. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடியதாகக் குறிப்பு உண்டு. பிள்ளையின் கையில் உருளும் வண்டி என்பது நமக்குப் புதிதன்று.

அந்தச் சிறுதேருக்கு இக்காலத்தில் ஓர் உறவுக்காரன் இருக்கிறான். ஒரு மரக்கட்டை, நான்கு ஆணி, நான்கு பிளாஸ்டிக் சக்கரம். எஞ்சின் கிடையாது, பேட்டரி கிடையாது. சாய்ந்த தடத்தின் உச்சியில் வைத்து விட்டால் புவியீர்ப்பு மட்டுமே அதை ஓட்டும். அமெரிக்காவில் இதனை ‘பைன்வுட் டெர்பி’ என்பார்கள். இத்தகைய காரை வேகமாக ஓடும்படி செய்வது எப்படி, அதையும் பிள்ளையே செய்யும்படி விடுவது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த கதை

1953-ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் டான் மர்ஃபி என்பவர் குருளைச் சாரணர் குழுவொன்றை நடத்தி வந்தார். அவருடைய பத்து வயது மகனுக்கு, பிள்ளைகள் வண்டிக்குள் அமர்ந்து சரிவில் இறங்கும் ‘சோப் பாக்ஸ் டெர்பி’ பந்தயத்தில் கலந்துகொள்ள ஆசை. அதற்கோ 12 வயது நிறைந்திருக்க வேண்டும். உள்ளே உட்கார முடியாவிட்டால் என்ன, கையடக்கக் கார் போதுமே என்று மர்ஃபி எண்ணினார். அவர் வேலை செய்த விமான நிறுவனத்தின் மேலாளர் மன்றம் துணை நின்றது. அவ்வாண்டு மே 15-ஆம் நாள் முதல் பந்தயம் நடந்தது. அடுத்த ஓராண்டுக்குள் அது அமெரிக்கச் சாரணர் இயக்கம் முழுவதும் பரவிவிட்டது.

தந்தையும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பொருளைச் செய்ய வேண்டும் என்பதே மர்ஃபியின் விருப்பம். ஆனால் காலப்போக்கில் அப்பாக்களே இரவெல்லாம் விழித்துச் செய்த கார்களைப் பிள்ளைகள் தூக்கி வந்து தடத்தில் வைக்கும் நிலை ஏற்பட்டது. இது அங்கே பலரும் சொல்லிச் சிரிக்கும் விஷயம். பள்ளித் திட்டப்பணிகளைப் பெற்றோரே செய்து கொடுத்தனுப்பும் நம் வீடுகளில் நாமும் சேர்ந்து சிரிக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

எந்த மரம்?

பந்தய விதிப்படி காரின் நீளம் 7 அங்குலத்தையும், அகலம் 2¾ அங்குலத்தையும், எடை 5 அவுன்சையும், அதாவது ஏறத்தாழ 142 கிராமையும் தாண்டக் கூடாது. தொடக்கக் கட்டை சுமார் 178 மில்லிமீட்டர் நீளமும் 44 மில்லிமீட்டர் அகலமும் 32 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. பைன் மரக்கட்டையானால் ஏறத்தாழ 100 கிராம் இருக்கும்.

நம் நாட்டில் எளிதாகக் கிடைப்பது ரப்பர் மரம். அதே அளவு ரப்பர் மரக்கட்டை, செதுக்கும் முன்பே 150 கிராம் வரும். கட்டையே எடை வரம்பைத் தாண்டிவிடும். அதைவிட ஏற்றது ஜெலுத்தோங் மரம். பினாங்குத் தீவில் அப்பெயரில் ஓர் ஊரே இருப்பதை அறிவோம். அம்மரத்தின் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய உதவியது; அதன் மென்மையான பலகை பென்சிலுக்கும் சிற்ப வேலைக்கும் பயன்படுகிறது. கத்திக்கும் உப்புத்தாளுக்கும் எளிதில் வளைந்து கொடுப்பதால் சிறுவர் கைக்கு உகந்தது. கிடைக்காவிட்டால், பைன் பலகையில் செய்த பழைய தட்டுப்பலகை ஒன்றின் துண்டு போதும். பிறை போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை. ஆணி பிடுங்கப்பட்டதா, இரசாயனம் சிந்திய கறை ஏதும் உண்டா என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

வடிவம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் சற்று உயர்ந்த ஆப்பு வடிவம் காற்றை நன்றாகவே கிழித்துச் செல்லும். ரம்பத்தால் அறுப்பது பெரியவர் வேலை. எங்கே அறுக்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போடுவது பிள்ளையின் வேலை.

எடை எங்கே இருக்க வேண்டும்?

உயரத்தில் நிற்கும் காருக்கு நிலையாற்றல் உண்டு. கீழே இறங்கும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. தடத்தின் உயரம் 1.2 மீட்டர் என்று கொள்வோம். ஆற்றல் எதுவும் வீணாகாவிட்டால், கீழே வரும்போது காரின் வேகம் விநாடிக்கு 4.85 மீட்டர், அதாவது மணிக்கு 17 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இதற்கு மேல் எந்தக் காராலும் போக முடியாது. ஆகவே இப்பந்தயத்தில் வேகத்தை உண்டாக்க வழியில்லை. இருக்கும் வேகத்தை வீணாக்காமல் காப்பதுதான் முழு வித்தையும்.

கனமான பொருளும் இலேசான பொருளும் ஒரே வேகத்தில் விழும் என்று படித்திருக்கிறோமே, பிறகு ஏன் எடை? காற்றின் தடையும் சக்கரங்களைச் சுழற்றச் செலவாகும் ஆற்றலும் காரின் எடை கூடுவதால் கூடுவதில்லை. எனவே கனமான கார் இழப்பது அதன் மொத்த ஆற்றலில் சிறு பங்கு. இலேசான கார் இழப்பது பெரும் பங்கு. விதி அனுமதிக்கும் 142 கிராம் வரை எடையை ஏற்றிக்கொள்வது நல்லது.

அந்த எடையைப் பின்பக்கம் வைக்க வேண்டும். சரிவில் நிற்கும் காரின் பின்பகுதியே உயரத்தில் இருக்கிறது. 25 பாகைச் சரிவில் எடைமையத்தை 4 சென்டிமீட்டர் பின்னே தள்ளினால், அது 1.7 சென்டிமீட்டர் கூடுதல் உயரத்திலிருந்து இறங்கும். வேகம் 0.7 விழுக்காடு கூடும். சரிவுக்குப் பின் 8 மீட்டர் சமதளம் இருந்தால் 5 சென்டிமீட்டருக்கு மேல் முந்தலாம். மூன்று விநாடியில் முடியும் பந்தயத்தில் இது வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள இடைவெளி. பின் அச்சுக்கு முன்னால் சுமார் 2.5 சென்டிமீட்டரில் எடைமையம் அமைவது பாதுகாப்பானது. அதைவிடப் பின்னே போனால் முன்சக்கரம் தரையைச் சரியாகத் தொடாமல் கார் ஆடத் தொடங்கும். விரலின் மேல் காரைக் கிடத்திச் சமநிலை பார்த்தாலே எடைமையம் தெரிந்துவிடும்.

எடைக்கு இரும்பு நட்டுகள் போதும். தூண்டில் ஈயக்குண்டு சிறியதாக இருந்தாலும் ஈயம் நச்சு. பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

ஆணியும் சக்கரமும்

காரின் உயிர்நாடி இதுதான். ஆணியே அச்சு. அதன் தலைக்குக் கீழே, தயாரிப்பில் உண்டான நுண்ணிய பிசிறுகள் இருக்கும். சக்கரம் சுழலும்போது அவை பிரேக் போல் வேலை செய்யும். முதலில் சிறு அரத்தால் பிசிறை நீக்கி, பின்னர் 400, 600, 1000, 2000 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்தால் ஆணி கண்ணாடிபோல் மின்னும். இறுதியில் பூட்டுக்குப் போடும் கிராஃபைட் தூளைத் தூவிச் சக்கரத்தைப் பல தடவை சுழற்ற வேண்டும். பென்சில் கரியில் களிமண் கலந்திருப்பதால் அது அவ்வளவாக உதவாது.

என் தந்தையார் பிறையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பணியாளர்; பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் தம்பி ஆணி தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மாலை, வேலை முடிந்து வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கிரீஸ் காஞ்சு போனா பேரிங் சூடேறிடும்டா. மெஷின் நின்னுடும்,” என்றார்.

“அதுதாம்பா உராய்வு. டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க,” என்றான் தம்பி.

அப்பாவின் பட்டறைச் சொல்லும் தம்பியின் பள்ளிச் சொல்லும் ஒரே ஆணியின் மேல் சந்தித்தன. தமிழ்ப்பள்ளியில் ‘உராய்வு’ என்று கற்று, இடைநிலைப்பள்ளியில் அதையே ‘கெசெரான்’ என்று எழுதித் தேர்ச்சி பெற்ற என்னைப் போன்றவர்களுக்கு, அச்சொல் பாடநூலை விட்டு வெளியே வருவதைக் காண்பது அரிது. தந்தையார் நாள்தோறும் செய்யும் வேலையும் அறிவியலே என்பது தம்பிக்குப் புரிந்தது. இதை ஒரு முதன்மையான பயனாகவே கருதுகிறேன்.

நேரே ஓடட்டும்

கோணலாக ஓடும் கார் தடத்தின் நடுக்கட்டையில் உரசி வேகத்தை இழக்கும். வீட்டு வரவேற்பறையின் டைல் கோட்டின் மேல் காரை வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். இரண்டு மூன்று மீட்டருக்குள் எப்பக்கம் விலகுகிறது என்று பார்த்து, முன் ஆணியைச் சிறிது திருப்பி மீண்டும் தள்ள வேண்டும். இருபது முறை செய்ய நேரலாம். இதற்குப் பொறுமை வேண்டும், பலம் வேண்டியதில்லை.

தேர்ந்தவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். முன்சக்கரம் ஒன்றைத் தரை தொடாதபடி சற்றே உயர்த்திப் பொருத்திவிடுவார்கள். சுழற்ற வேண்டிய சக்கரம் ஒன்று குறைவதால் அந்த அளவுக்கு ஆற்றல் மிஞ்சும். சில போட்டிகளின் விதிகள் இதை ஏற்பதில்லை. முன்னரே கேட்டறிய வேண்டும். பட்டினப்பாலைச் சிறுவர்களின் தேருக்கும் மூன்றே சக்கரம் என்பதை எண்ணும்போது ஒரு புன்னகை வரத்தான் செய்கிறது.

தடத்துக்கும் பெரிய செலவில்லை. எட்டடி ப்ளைவுட்டைப் பலகைக் கடையிலேயே நீளவாக்கில் அறுத்து வாங்கி, நடுவில் மெல்லிய சட்டம் அடித்து, ஒரு முனையை மேசைமேல் ஏற்றினால் போதும். மறுமுனையில் டைல் தரை தொடரும்.

யார் கையில் எது?

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். காரை வேகமாக்கும் வேலைகள், அதாவது ஆணி தேய்த்தல், எடைமையம் பார்த்தல், நேராக ஓடுகிறதா எனச் சோதித்தல் ஆகிய மூன்றுமே பத்து வயதுப் பிள்ளையால் செய்யக்கூடியவை. பெரியவரின் கருவியும் பலமும் தேவைப்படுவது அறுப்பதற்கும் துளையிடுவதற்கும் மட்டுமே. அவையோ வேகத்துக்குச் சிறிதளவே உதவுகின்றன. எனவே “வெற்றி பெறவேண்டுமே” என்று பிள்ளையின் கையிலிருந்து காரைப் பிடுங்குவதற்குக் காரணமே இல்லை.

பெரியவருக்கு மற்றொரு வேலை உண்டு. கேள்வி கேட்பது. “எடையை முன்னே வைத்தால் என்ன ஆகும்? சொல்லிப் பார், பிறகு ஓட்டிப் பார்.” ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து முறை ஓட்டி, கைப்பேசிக் கடிகாரத்தில் நேரம் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னால், அறிவியல் ஆய்வின் அடிப்படையைப் பிள்ளை தானாகவே கற்றுக்கொள்ளும்.

பல்கலைக்கழகத்தில் பயிலும் நாமும், பயின்று வெளியேறிய மூத்தோரும் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, நாம் படித்த தமிழ்ப்பள்ளியின் பிள்ளைகள் நால்வரையாவது கூட்டி இதைச் செய்து பார்க்கலாம். அவர்களுடைய அப்பா அம்மாக்களையும் அழைப்போம். ரம்பத்தை நாம் பிடிப்போம். உப்புத்தாளைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவோம்.