குறுக்கே திரும்பிய எஞ்சின்

1950கள் வரை கார் எஞ்சினை எந்தத் திசையில் வைப்பது என்ற கேள்வி பெரும்பாலும் எழவே இல்லை. எஞ்சின் வண்டியின் முன்னால், நீளவாட்டில் இருக்கும். அதன் பின்னால் கியர்பாக்ஸ். அங்கிருந்து ஒரு நீண்ட ஷாஃப்ட் தரைக்கு அடியில் ஓடிப் பின் அச்சைத் திருப்பும். உறுதியான ஏற்பாடுதான், ஆனால் இடத்தை விழுங்கும். வண்டி சிறியதாக ஆக ஆக, இயந்திரத்துக்குப் போக மனிதர்களுக்கு மிஞ்சும் இடம் சுருங்கிக்கொண்டே வரும்.

எஞ்சினைக் குறுக்கே திருப்பி, முன்சக்கரங்களையே ஓட்டச் செய்தால் இந்தச் சிக்கல் தீரும். ஜெர்மனியின் டிகேடபிள்யூ நிறுவனம் 1931லேயே அப்படிச் செய்தது. ஆனால் அது வைத்தது இரண்டு சிலிண்டர் கொண்ட சிறு எஞ்சின். நான்கு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே வைத்து, பக்கத்தில் கியர்பாக்ஸையும் சேர்த்தால் சிறிய காரின் அகலம் போதாது.

விடை பிரிட்டனிலிருந்து வந்தது. அதைத் தந்த அலெக் இசிகோனிஸ் 1906ல் ஸ்மிர்னா நகரில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். இளைஞராக இங்கிலாந்துக்கு வந்து பொறியாளரானார். 1948ல் வெளிவந்த மோரிஸ் மைனர் அவருடைய முதல் பெரிய வெற்றி. உற்பத்திக்குச் சற்று முன்பு, வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரி வண்டியை நடுவில் பிளந்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டதால் அவற்றையும் வெட்டி, நடுவில் ஒரு துண்டு வைத்து ஒட்டினார்கள். நிறுவனத் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கு அந்த உருண்டை வடிவம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அதுதான்.

1956ல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தது. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் போடப்பட்டது. மூன்று சக்கரச் சிறு வண்டிகளை மக்கள் வாங்கத் தொடங்கினார்கள். ஆஸ்டினும் மோரிசும் இணைந்து உருவான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்டு லார்டு, அவற்றுக்குப் பதிலாக ஓர் உண்மையான சிறிய காரைச் செய்யும் பொறுப்பை இசிகோனிசிடம் கொடுத்தார். 1959 ஆகஸ்டில் மினி வந்தது.

மினியின் நீளம் சுமார் 3.05 மீட்டர். 848 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் குறுக்கே அமர்ந்தது. கியர்பாக்ஸ் பக்கத்தில் இல்லை, எஞ்சினுக்கு நேர் அடியில், ஆயில் சம்புக்குள்ளேயே இருந்தது. ஒரே எண்ணெய் இரண்டுக்கும் உயவு தந்தது. சக்கரங்களின் விட்டம் வெறும் 10 அங்குலம். சுருள் வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள். தரைப்பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் பயணிகளுக்கும் மூட்டைகளுக்கும் கிடைத்தது. நான்கு பெரியவர்கள் உட்கார முடிந்தது. குறைகளும் இருந்தன. முதலில் வந்த வண்டிகளில் மழைநீர் தரைவழியே உள்ளே புகுந்தது. கியர்பாக்ஸில் கைவைக்க வேண்டுமென்றால் எஞ்சினையே வெளியே தூக்கவேண்டியிருந்தது. இருந்தும் மான்டி கார்லோ ராலியில் 1964, 1965, 1967 என மூன்று முறை மினி வென்றது. 2000 வரை 53 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாராயின.

மினியின் இந்த ஏற்பாடு, அதற்கு முற்றிலும் எதிர்முனையில் இருந்த ஒரு காருக்கும் போய்ச் சேர்ந்தது. இத்தாலியின் சான்ட் அகாட்டா ஊரில் லம்போர்கினி நிறுவனம் 1963ல் தொடங்கப்பட்டது. அங்கே இளம் பொறியாளர்களான ஜான் பாவ்லோ டல்லாராவும் பாவ்லோ ஸ்டான்சானியும், பந்தயக் கார்களைப் போல எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால் வைத்த ஒரு சாலைக் காரை உருவாக்க நினைத்தார்கள். கையில் இருந்ததோ 12 சிலிண்டர், சுமார் 4 லிட்டர் எஞ்சின். அதை நீளவாட்டில் வைத்து, பின்னால் கியர்பாக்ஸையும் மாட்டினால் வண்டி அளவுக்கு மீறி நீண்டுவிடும். மினியைப் பார்த்து எஞ்சினைக் குறுக்கே திருப்பினார்கள். கியர்பாக்ஸையும் எஞ்சினோடு ஒரே வார்ப்பாக இணைத்தார்கள். எண்ணெயும் மினியில் போலவே இரண்டுக்கும் பொதுவானது.

1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் உடல் இல்லாத வெறும் சேஸியை நிறுத்தினார்கள். அதற்கே கூட்டம் கூடியது. பெர்ட்டோனே நிறுவனத்தின் மார்ச்செல்லோ காண்டினி வரைந்த உடலோடு 1966ல் ஜெனீவாவில் அது மியூரா என்ற பெயரில் வெளிவந்தது. ஸ்பெயினின் புகழ்பெற்ற சண்டைக் காளை வளர்ப்பாளரின் பெயர் அது. 350 குதிரைத்திறன். தரையிலிருந்து கூரைவரை சுமார் 1.05 மீட்டர்தான். பிற்காலச் சூப்பர்கார்களின் வரிசை இங்கிருந்தே தொடங்குகிறது என்று பலரும் கருதுகிறார்கள். அது நியாயமான கருத்தே. மியூராவும் குறையற்றதல்ல. பெட்ரோல் டேங்க் முன்னால் இருந்ததால், எரிபொருள் குறையக் குறைய மிகு வேகத்தில் வண்டியின் மூக்கு மேலே எழும்பப் பார்த்தது. ஒரே எண்ணெயைப் பங்கிடும் ஏற்பாட்டையும் கடைசிக் காலத்து எஸ்வி வகை மியூராக்களில் கைவிட்டு, இரண்டையும் பிரித்தார்கள். 1973 வரை மொத்தம் ஏறக்குறைய 760 வண்டிகள்தான் தயாராயின. 1969ல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' திரைப்படம் ஒரு மியூராவோடு தொடங்கி, டூரின் தெருக்களில் பாயும் மினிகளோடு உச்சத்தை அடைகிறது.

மினியும் மியூராவும் புகழோடு வாழ்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே பிறந்த ஒரு கார் அநியாயமாக மறக்கப்பட்டுவிட்டது. 1962 ஆகஸ்டில் வந்த மோரிஸ் 1100 அது. மினியின் அதே ஏற்பாட்டை ஒரு குடும்பக் காருக்கு இசிகோனிஸ் விரித்தார். நீளம் 3.73 மீட்டர், நான்கு கதவுகள், 1098 சிசி எஞ்சின், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். உடலின் வடிவை இத்தாலியின் பினின்ஃபரீனா நேர்த்தியாகத் திருத்தியது. அலெக்ஸ் மோல்டனின் புதிய சஸ்பென்ஷனில் முன்சக்கரமும் பின்சக்கரமும் திரவக் குழாயால் இணைக்கப்பட்டிருந்தன. முன்சக்கரம் மேட்டில் ஏறியதும் திரவம் பின்னோக்கித் தள்ளப்பட்டு, பின்பக்கமும் சேர்ந்து உயரும். அதனால் வண்டி முன்னும் பின்னும் ஆடாமல் மட்டமாகச் சென்றது. அதே விலையில் கிடைத்த மற்றக் குடும்பக் கார்களில் இத்தனை வசதி இல்லை.

1963 முதல் 1971 வரை, 1967 ஒன்றைத் தவிர, பிரிட்டனில் ஆண்டுதோறும் மிக அதிகமாக விற்ற கார் இதுதான். 20 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அப்படிப்பட்ட காரை ஏன் மறந்தார்கள்?

முதல் காரணம் பெயர். ஆஸ்டினும் மோரிசும் இணைந்த பின்னும் அவற்றின் விற்பனையாளர்கள் தனித்தனியே இயங்கினார்கள். எல்லோரையும் திருப்திப்படுத்த ஒரே காரை மோரிஸ், ஆஸ்டின், எம்ஜி, வுல்ஸ்லி, ரைலி, வேண்டன் பிளாஸ் என ஆறு பெயர்களில் விற்றார்கள். வேண்டன் பிளாஸில் தோல் இருக்கைகளும், பின்னால் இருப்பவர்கள் மடக்கி விரித்துச் சாப்பிட வால்நட் மரப்பலகைகளும் இருந்தன. மினிக்கு ஒட்டிக்கொண்ட ஒற்றைப் பெயரைப் போல் இதற்கு எதுவும் அமையவில்லை. இரண்டாவது காரணம் துரு. எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கிய துணைச்சட்டங்கள், முக்கியமாகப் பின்பக்கம், ஈரத்தில் அரித்துப்போயின. ஆண்டுச் சோதனையில் தேறாத வண்டிகள் ஆயிரக்கணக்கில் பழைய இரும்புக்குப் போயின. 1975ல் பிபிசியின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில், நகர மறுக்கும் தன் ஆஸ்டின் காரை ஓர் ஓட்டல்காரர் மரக்கிளையால் விளாசும் காட்சிதான் பலருக்கு இக்காரைப் பற்றிய ஒரே நினைவு.

மூன்றாவது காரணம் பணம். வடிவமைப்புக்குக் கொடுத்த கவனத்தை நிறுவனம் கணக்குக்குக் கொடுக்கவில்லை. ஃபோர்டு பொறியாளர்கள் ஒரு மினியை அக்கக்காகப் பிரித்து ஆராய்ந்து, விற்கும் ஒவ்வொரு வண்டியிலும் சுமார் 30 பவுன் நஷ்டம் என்று கணித்தார்கள். 1962ல் அவர்கள் கொண்டுவந்த கோர்ட்டினா பழைய பின்சக்கர முறையில் எளிமையாக, மலிவாகச் செய்யப்பட்டு லாபம் தந்தது. 1100க்கு வாரிசாக 1973ல் வந்த ஆஸ்டின் அலெக்ரோ, சதுரமாகத் தோன்றும் ஸ்டியரிங் சக்கரத்தாலும் உப்பிய உடலாலும் பேச்சுக்குள்ளானதே தவிர, முந்தைய காரின் இடத்தைப் பிடிக்கவில்லை. 1974ல் பழைய காரின் உற்பத்தியும் நின்றது. அதற்கடுத்த ஆண்டு பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனைத் தன்னுள் கொண்டிருந்த தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் அரசுடைமையானது.

குறுக்கு எஞ்சின் மட்டும் ஒரு மாற்றத்தோடு உலகம் முழுக்கப் பரவியது. கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் வைக்காமல் அதன் ஒரு முனையில் பொருத்தி, தனி எண்ணெயோடு ஓடவிட்டார் ஃபியட்டின் டான்டே ஜியாகோசா. 1964ல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவிலும், 1969ல் ஃபியட் 128லும் அதைச் செய்து காட்டினார். பழுதுபார்க்கவும் தயாரிக்கவும் எளிதான இந்த முறைதான் இசிகோனிசின் முறையை வென்றது. இந்தியாவுக்குக் குறுக்கு எஞ்சின் தாமதமாகவே வந்தது. இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய, பிரிட்டிஷ் வடிவமைப்புக் கொண்ட குடும்பக் கார் அம்பாசிடர். 1956ன் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அதில் எஞ்சின் பழையபடி நீளவாட்டில்தான் இருந்தது, 2014ல் உற்பத்தி நிற்கும் வரை. 1983 டிசம்பரில் குர்கானில் வெளிவந்த மாருதி 800, மூன்று சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரங்களை ஓட்டும் முறையை இந்தியக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தது.