ஈரமணலும் இன்சுலினும்

பிள்ளைக்கு முதலாம் வகை நீரிழிவு. வீட்டில் பிரிட்ஜ் இல்லை. இன்சுலினை எங்கே வைப்பது? யாழ்ப்பாணத்துக்கு இது பழகிய கேள்வி. 1990இல் குடாநாட்டில் நின்ற மின்சாரம் பல ஆண்டுகள் திரும்பவில்லை. 2022 மார்ச் முடிவில், பொருளாதார நெருக்கடியின்போது, இலங்கை முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு.

பெரியவர்களின் சீனி வருத்தத்தைப் பலரும் சாப்பாட்டைக் குறைத்து, குளிசை போட்டுச் சமாளிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வருகிற இந்த வகையில் அது முடியாது. சதையியில் இன்சுலின் சுரக்கும் பீற்றா கலங்களை உடலின் நோயெதிர்ப்பே அழித்துவிடுகிறது, ஊசிதான் உயிர். 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் 14 வயது லெனார்ட் தொம்சனுக்கு அந்த ஊசி போடப்படும்வரை, இந்த நோய் கண்ட பிள்ளைகள் அதிக காலம் வாழ்ந்ததில்லை.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னப் புரதம். குப்பிக்குள் பெரும்பாலும் ஆறு ஆறாக, துத்தநாக அணுக்களைச் சுற்றிக் கைகோத்து நிற்கும். சூடும் குலுக்கலும் கூடினால் கூட்டம் கலையும். தனித்துவிட்ட மூலக்கூறு மடிப்பவிழ்ந்து, தன்னைப் போன்றவற்றோடு ஒட்டி நாராகத் திரளும். அதன்பின் அது மருந்தல்ல. தெளிவாக இருக்கவேண்டிய இன்சுலின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கலங்கித் தெரிகிறதா, எறிந்துவிடவேண்டும். வழக்கமாகவே பால்போல் இருக்கும் வகையில் கட்டியோ, கண்ணாடிச் சுவரில் உறைபனிபோல் படிவோ தெரிந்தாலும் அப்படித்தான்.

ஆனால் எவ்வளவு சூடு? எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் இதைச் சோதித்து 2021இல் வெளியிட்டன. கென்யாவின் தகாலே அகதி முகாமில் பகலிரவாக 25க்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறியிறங்கும் வெப்பநிலையை அளந்து, அதையே ஆய்வுகூடத்தில் உண்டாக்கி, நான்கு வாரம் இன்சுலினை வைத்துப் பார்த்தார்கள். குளிரில் வைத்ததற்கும் இதற்கும் வீரியத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. குடாநாட்டு வீடொன்றின் நிழலான மூலையும் ஏறக்குறைய இந்த வரம்புக்குள்தான் நிற்கும்.

இன்னும் குளிர்மை வேண்டுமென்றால் மண்பானை. பெரிய பானைக்குள் சின்னது, இடையில் ஈரமணல், உள்ளே நனையாமல் சுற்றிய குப்பி. கூசாத் தண்ணீர் குளிர்வதும் இதே வித்தைதான்: ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 யூல் வெப்பம் வேண்டும், அதைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். பல நாடுகளின் பானைகளையும் குளிர்பைகளையும் ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வொன்றும் வெப்பம் இறங்குவதை உறுதிசெய்தது. காற்று உலர்ந்திருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. சோளகம் வீசும் நாட்களில் பானை நன்றாக உழைக்கும். மாரி ஈரத்தில் சோம்பிப்போகும், நல்லவேளையாக அப்போது வெயிலும் குறைவு.

சூட்டுக்குப் பயந்து குப்பியை ஐஸ் தட்டருகே திணிப்பது எனக்கு இன்னும் பயங்கரமாகப் படுகிறது. உறைந்து உருகிய இன்சுலின் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் போடக்கூடாது. அதேபோல 37 பாகை என்பது நிழலின் கணக்கு. வெயிலில் விட்ட மோட்டார் சைக்கிள் சீற்றின் கீழே கிடக்கும் குப்பியை அந்த ஆய்வு காப்பாற்றாது.