அன்றாடக் காட்சியும் காமிராவும்

தொழிலின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியிருக்கும் நாம், அந்நகரங்களின் பெருஞ்சின்னங்களைப் படம் பிடிக்கத் தவறுவதில்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் குதுப் மினாரின் முன் நிறுத்திப் படமெடுக்கிறோம். ஆயினும், நாள்தோறும் பேருந்துக்காகக் காத்திருக்கும் இடத்தில் நமக்கு நிழல் தரும் மரம் எது என்று கேட்டால், நம்மில் பலர் விடை கூற இயலாது. பத்தாண்டு வாழ்ந்தும் நகரம் நமக்கு வாடகை வீடாகவே இருந்துவிடுகிறது. இக்குறையை நீக்கக் கைப்பேசியிலுள்ள சிறு காமிராவே போதும்.

அணிலை எடுத்துக்கொள்வோம். இராமபிரான் தடவிக் கொடுத்ததால் அதன் முதுகில் மூன்று கோடுகள் உண்டாயின என்று குழந்தைகளுக்குக் கதை சொல்கிறோம். தென்னாட்டில் நாம் கண்டு பழகிய அணிலுக்கு மூன்று கோடுகள்தாம். தில்லிப் பூங்காவில் ஓடும் அணிலைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஐந்து கோடுகள் புலப்படும். நடுவிலுள்ள மூன்றுக்கும் அப்பால், இரு பக்கங்களிலும் மங்கலாக ஒவ்வொரு கோடு இருக்கும். இது வட இந்தியாவில் பரவியுள்ள வேறோர் இனம். மைனாவும் அப்படியே. கண்ணைச் சுற்றி மஞ்சள் தோலுடைய நம்மூர் மைனாவோடு, அவ்விடம் செங்கல் நிறமாக உள்ள மற்றோர் இனமும் வட இந்திய நகரங்களில் திரிகிறது. 'அணில்', 'மைனா' என்ற பெயர் மனத்தில் தோன்றியவுடன் கண் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. படமோ நம்மை நிறுத்தி மறுமுறை பார்க்கச் செய்கிறது.

மரங்களும் இவ்வாறே பல செய்திகளைக் கூறும். 1931-இல் திறந்து வைக்கப்பட்ட புதுதில்லியின் சாலைகளில் ஜாமுன், நீம், அர்ஜுன், இம்லி என வழங்குபவை வேறல்ல. நம் நாவலும் வேம்பும் மருதமும் புளியுமே. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் முள்ளிலவு இலையின்றிச் செம்பூக்களைத் தாங்கி நிற்கும். கேரளத்தில் ஏப்ரல் நடுவில் விஷுக்கனிக்கு உதவும் கொன்றை, தில்லியில் மே இறுதியிலும் ஜூனிலும் நிறைந்து பூக்கும். ஒரே மரத்தை ஒரே இடத்தில் நின்று வாரந்தோறும் எடுத்து வந்தால், ஆண்டு முடிவில் 52 படங்கள் சேரும். அதுவே அந்நகரின் பருவப் பஞ்சாங்கம். ஒவ்வொரு படத்தின் கீழும் நாளையும் இடத்தையும் குறித்து, மரத்தின் தமிழ்ப் பெயரைக் குழந்தைகளைக் கொண்டே எழுதச் செய்யலாம்.

எடுக்கும் முறை கடினமன்று. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழுவதால் மரப்பட்டையின் சுருக்கமும் சுவரின் விரிசலும் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் நிழல்கள் கறுத்துவிடும். சிறிய உயிரை எடுக்கும்போது அதன் மட்டத்திற்குக் குனிய வேண்டும். பானை அடுக்கும் குயவரையோ சாணை பிடிப்பவரையோ எடுக்குமுன் அவர் இசைவைப் பெறுவது முறை. கூட்டிலுள்ள பறவையை நெருங்காதிருப்பதும் அத்தகைய மரியாதையே.

இத்துறையில் நமக்கு முன்னோடி மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர் 1912-இல் பிறந்தவர். சென்னையில் இருந்துகொண்டே, கொல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் தாம் மறைந்த 1996 வரை இயற்கைக் குறிப்புகள் எழுதினார். யானையைப் போலவே அணிலும் காகமும் அவருக்கு எழுதத் தகுந்த பொருள்களாயின. வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்த காமிராவினால் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார்.

இப்பழக்கம் வெறும் பொழுதுபோக்கன்று. சாலை அகலும்போது மரங்கள் வீழ்கின்றன. எங்கும் கண்ட சிட்டுக்குருவி அருகி வந்தமையால், 2012-இல் தில்லி அரசு அதனைத் தன் மாநிலப் பறவையாக அறிவிக்க நேர்ந்தது. எதிர்வீட்டு மாடத்தில் குருவி கூடு கட்டியதை நாளுடன் குறித்து வைத்த படம், பிற்காலத்தில் அத்தெருவுக்கு ஒரு சான்றாகும். ஒரு தெருவின் மரங்களையும் பறவைகளையும் பெயர் சொல்லி அறிந்தவருக்கு, அத்தெரு அயலூர்த் தெருவாக இராது.