பயிலுங் கையும் பழகும் மூளையும்

பாரிசவாதங் கண்ட ஒருவரைப் பார்த்துவர உறவினர் வீட்டுக்குச் சென்றால், நாம் பெரும்பாலுங் காணுங் காட்சி ஒன்றுண்டு. அவர் சாய்வு நாற்காலியில் இருப்பார். மனைவி சோற்றைப் பிசைந்து ஊட்டுவார். மகன் சட்டையை மாட்டிவிடுவான். மகள் தேநீர்க் கோப்பையை வாயருகே பிடிப்பாள். வலுவிழந்த கை மடிமேற் கிடக்கும். “நீங்கள் சும்மா இருங்கோ அப்பா, நாங்கள் செய்து தாறம்” என்பது அவ்வீட்டாரின் அன்பு மொழி. அவ்வன்பைக் குறைகூற எவர்க்கும் மனம் வராது. ஆயினும், அவ்வன்பே அந்தக் கைக்குப் பகையாகிவிடக் கூடும் என்று மூளையை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். அஃது எவ்வாறு என்பதையே இன்று நேயர்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லுங் குழாய் ஒன்று அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பாரிசவாதம் உண்டாகின்றது. குருதி கிட்டாத பகுதியிலுள்ள நரம்புக்கலங்கள் இறந்துபடுகின்றன. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆள்வதால், மூளையின் ஒருபாதி பழுதுற மறுபக்கத்துக் கையுங் காலுஞ் சோர்கின்றன. கையின் தசைக்கு நோயில்லை; எலும்புக்கு நோயில்லை; மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளைதான் வந்து சேர்வதில்லை.

இறந்த நரம்புக்கலம் மீள்வதில்லை; ஆகவே இழந்த இயக்கமும் மீளாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. நரம்புக்கலங்களின் அமைப்பை நுணுகி ஆராய்ந்து, 1906ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஸ்பானிய அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால், வளர்ந்தோர் மூளையில் நரம்பு வழிகள் மாற்றமின்றி அமைந்துவிட்டன என்று எழுதினார். அவர் புகழ் பெரிது. ஆதலின் அக்கருத்தும் ஆழ வேரூன்றிற்று.

அக்கருத்தை அசைத்த நிகழ்ச்சிகளுள் ஒன்று ஒரு பேராசிரியரின் வாழ்விலே நடந்தது. நியூயோர்க் நகரக் கல்லூரியிற் கற்பித்த பெட்ரோ பாக் இ ரீட்டா என்பவர், 1959ஆம் ஆண்டில், தமது அறுபதுகளிலே பாரிசவாதத்தால் வீழ்ந்தார். பேச்சும் போயிற்று, நடையும் போயிற்று. வழக்கமான சிகிச்சையாற் பெரும்பயன் விளையவில்லை. அவருடைய மகன் ஜோர்ஜ் அப்பொழுது மெக்சிக்கோவிலே மருத்துவ மாணவர். அவர் தந்தையைத் தம்மிடம் அழைத்துச் சென்றார். குழந்தை நடக்கப் பழகுமுன் தவழ்கின்றது. தந்தையும் அங்கிருந்தே தொடங்கட்டும் என்று துணிந்தார். முழங்காலுக்குக் காப்புக் கட்டி, சோர்ந்த தோளைச் சுவரிற் சாய்த்துக்கொண்டு, அம்முதியவர் தவழ்ந்தார். தரையிற் கோலிக்குண்டு உருட்டி விளையாடினார். நல்ல கையாற் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, சோர்ந்த கையால் அதனைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். கற்றறிந்த ஒருவரை இவ்வாறு தவழ விடுவதா என்று அயலவர் முகஞ்சுளித்தனர். மகன் தளரவில்லை. தவழ்ந்தவர் நின்றார், நின்றவர் நடந்தார், காலப்போக்கிற் கல்லூரிக்குத் திரும்பிக் கற்பிக்கவுஞ் செய்தார்.

சில ஆண்டுகளின் பின் கொலம்பியாவில் மலையேறியபொழுது அவர் மாரடைப்பால் இறந்தார். அவரது மூளையைப் பரிசோதித்த மருத்துவர் வியப்புற்றனர். மூளையின் மேற்பட்டையிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் நரம்பிழைகளில் மிகப் பெரும்பகுதி அழிந்தபடியே இருந்தது. பழுது ஆறவில்லை, எஞ்சியிருந்த சிலவற்றைக் கொண்டே அவர் மீண்டும் நடந்திருக்கின்றார். இதனைக் கண்ட மற்றொரு மகன் போல் பாக் இ ரீட்டா, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வாராய்ச்சிக்கே அளித்தார்.

மாரி வெள்ளத்திற் பாலம் ஒன்று உடைந்துவிட்டால் ஊரவர் போக்குவரத்தை விட்டுவிடுவதில்லை. வயலோரத்து ஒற்றையடிப் பாதையால் நடக்கின்றனர். முதலிற் சேறும் முள்ளுந் தடுக்கும். நாடோறும் நடக்க நடக்க அதுவே வழியாகின்றது. ஒருவரும் நடவாவிடின் புல் மூடிவிடும். மூளையும் இத்தகையதே. பழுதின் அயலிலுள்ள நரம்புக்கலங்கள் புதிய கிளைகளை விட்டுப் புதிய தொடர்புகளை ஆக்கவல்லன. எத்தொடர்பு பயிலப்படுகின்றதோ அது வலுப்பெறும், பயிலாதது மெலியும். இவ்வியல்பையே மூளையின் நெகிழ்தன்மை என்பர்.

அமெரிக்க ஆய்வாளர் ரண்டொல்ப் நூடோவும் அவர்தம் துணைவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்கிற்று. குரங்குகளின் மூளையிற் கையை ஆளும் பகுதியில் அவர்கள் சிறு பழுதை உண்டாக்கினர். பயிற்சி பெறாத குரங்குகளில், பழுதுறாது எஞ்சிய கைப்பகுதியுஞ் சுருங்கிற்று. சிறு குழிகளிலிருந்து இரையை விரலால் எடுக்கப் பயின்றவற்றிலோ அப்பகுதி காக்கப்பட்டது. சிலவற்றில் முன்னர் முழங்கைக்கும் தோளுக்கும் உரியதாயிருந்த இடத்துக்கும் அது பரவிற்று.

எட்வேர்ட் டோப் என்ற அறிஞர் பிறிதோர் உண்மையைக் கண்டார். நோயுற்ற தொடக்கத்திற் கையை அசைக்க முயல்வோன் தோற்கின்றான். நல்ல கையை நாடிப் பயன்பெறுகின்றான். நாளடைவிற் சோர்ந்த கையைப் பயன்படுத்தாதிருக்கவே கற்றுக்கொள்கின்றான். பின்னர் ஓரளவு வலு மீண்டபோதும் அப்பழக்கம் அவனை விடுவதில்லை. இதற்கு மாற்றாக, நல்ல கைக்கு உறையிட்டுச் சோர்ந்த கையை உழைக்கச் செய்யும் முறையை டோப் வகுத்தார். பாரிசவாதங் கண்டு 3 முதல் 9 மாதங்கள் கழிந்த 222 பேரிடம் அம்முறை ஆராயப்பட்டு, 2006இல் முடிபு வெளியாயிற்று. இரண்டு வாரங்கள் இவ்வாறு பயின்றோர், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோரிலும் கூடிய முன்னேற்றமடைந்தனர். ஓராண்டின் பின்னரும் அப்பயன் நிலைத்திருந்தது.

இங்கே சில எச்சரிக்கைகளுங் கூறல் வேண்டும். முகங் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே வைத்தியசாலைக்கு விரைதலே முதற்கடன். நோய் கண்டவுடன் அளவுமீறி நடக்கவைத்தலும் நன்றன்று. 2,000 பேருக்கு மேற்பட்ட நோயாளரிடம் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், முதல் 24 மணி நேரத்துள்ளே தொடங்கி மிகுதியாக எழுப்பி நடத்தப்பட்டோர், மற்றையோரிலுங் குறைந்த நலனே பெற்றனர். கைக்கு உறையிடும் முறையும், விரலிலும் மணிக்கட்டிலுஞ் சிறிதேனும் அசைவு எஞ்சியவர்க்கே பொருந்தும். ஆதலின் வைத்தியரும் இயன்மருத்துவரும் வகுத்த அளவே அளவாகும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் இருத்தல் இயல்பு. எல்லாரும் முழுமையாக மீள்வர் என்றுஞ் சொல்வதற்கில்லை.

இனி, நாம் தொடக்கத்திற் கண்ட வீட்டுக்குத் திரும்புவோம். ஊட்டிவிடும் மனைவி, அவர் கையைச் சோற்றருகே வைத்துச் சற்றுப் பொறுத்திருக்கலாம். சோறு சிந்தும், சிந்தட்டும். மகன் இரண்டு பொத்தான்களைப் பூட்டி, மூன்றாவதைத் தந்தைக்கு விட்டுவிடலாம். மகள் பயற்றிற் கல் பொறுக்கும்போது ஒரு பிடியை அவர் முன்னே பரப்பலாம். நாம் ஒரு நிமிடத்திற் செய்துமுடிப்பதற்கு அவருக்குப் பத்து நிமிடஞ் செல்லும். அதனைக் கண்டுங் கைகொடாது அருகிருத்தல், ஊட்டுவதிலும் அரிய பணி. அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுக்கும் பொறுமையே அக்கைக்கு நாம் இடக்கூடிய நல்ல மருந்து.