ஒரு குரலும் ஒரு பியானோவும்



ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, விரிவுரையாளர் ஒருவர் எங்கள் நால்வரை நகரத்தில் நடந்த மேனாட்டு இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். மேடையில் மிருதங்கம் இல்லை, வயலின் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. பெரிய கறுப்புப் பியானோ ஒன்று மட்டும் இருந்தது. அதன் முன்னே ஒருவர் அமர்ந்தார். பாடகர் பக்கத்தில் வந்து நின்று ஜெர்மன் மொழியில் பாடத் தொடங்கினார். முதல் பாட்டு முடிந்ததும் நான் பலமாகக் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இந்த இடம் எதற்கு என்று எனக்குள் குறுகிப்போனேன்.

திரும்பும் வழியில் விரிவுரையாளர் சொன்ன விளக்கம்தான் இன்றைய என் பேச்சு.

ஜெர்மன் மொழியில் பாட்டுக்கு ‘லீட்’ என்று பெயர். முதலில் கவிஞர் கவிதை எழுதுகிறார். பிறகு இசையமைப்பாளர் அதற்கு இசை அமைக்கிறார். நம் கச்சேரியில் பாடகர் ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடலாம். அங்கே அப்படியன்று. குரலுக்கு உரியதும் பியானோவுக்கு உரியதும் தாளில் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். எழுதியதை மாற்றாமல், அதற்கு உயிர் கொடுப்பதே இருவரின் திறமை.

இவ்வகைப் பாட்டை உயரத்துக்குக் கொண்டுசென்றவர் பிரான்ஸ் சூபர்ட். 1797ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்தார். அவருடைய தந்தை பள்ளி ஆசிரியர். மகனும் பதினேழு வயதில் அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பகலில் பள்ளிக்கூடம், கிடைத்த நேரத்தில் பாட்டு. 1815ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 140 பாடல்கள் எழுதினார் என்றால், பிள்ளைகளின் இரைச்சலை அறிந்த என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கிறது!

பதினேழு வயதில் அவர் இசையமைத்த பாட்டு ஒன்றைப் பார்ப்போம். கவிதை கெதே என்னும் பெரும் கவிஞருடையது. ஒரு பெண் இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டே தன் காதலனை நினைக்கிறாள். பியானோவில் இராட்டை சுற்றுகிறது; கால்மிதியின் தட்டும் கேட்கிறது. அவன் தந்த முத்தத்தை நினைத்த கணத்தில் இராட்டை நின்றுவிடுகிறது. பிறகு தயங்கித் தயங்கி மறுபடி சுற்றத் தொடங்குகிறது. மனம் எங்கோ போய்விட்டால் வேலை செய்யும் கை நின்றுவிடும். உழைக்கும் மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பாட்டு ‘எர்ல்கோனிக்’. இதுவும் கெதேயின் கவிதைதான். இரவில் ஒரு தந்தை தம் பிள்ளையை அணைத்தபடி குதிரையில் விரைகிறார். பேயரசன் ஒருவன் தன்னை அழைப்பதாகப் பிள்ளை அலறுகிறது. அது வெறும் பனிமூட்டம், காய்ந்த இலையின் சத்தம் என்று தந்தை தேற்றுகிறார். கதை சொல்பவர், தந்தை, பிள்ளை, பேயரசன் ஆகிய நால்வரையும் ஒரே பாடகர் குரல் மாற்றிப் பாட வேண்டும். பிள்ளை அப்பாவைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் சுரம் மேலே ஏறுகிறது. பியானோக்காரரின் வலக்கையோ குதிரையின் பாய்ச்சலை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. வீடு வந்து சேர்ந்ததும் குதிரை நிற்கிறது. பிள்ளை இறந்துவிட்டது என்பதைப் பாடகர் ஏறக்குறைய பேச்சாகவே சொல்லி முடிக்கிறார்.

1816இல் நண்பர்கள் இந்தப் பாடல்களைக் கெதேக்கு அனுப்பினார்கள். ஒரு பதில்கூட இல்லாமல் அவை திரும்பி வந்தன. பதிப்பாளர்களும் ஏற்கவில்லை. கடைசியில் 1821இல் நண்பர்களே பணம் சேர்த்து ‘எர்ல்கோனிக்’ பாட்டை அச்சிட்டார்கள்.

1827இல், வில்ஹெல்ம் மியுல்லர் என்னும் கவிஞரின் 24 கவிதைகளுக்கு சூபர்ட் இசையமைத்தார். அந்தத் தொகுதிக்கு ‘குளிர்காலப் பயணம்’ என்று பொருள்படும் பெயர். காதலில் தோற்றவன் பனியில் தனியே நடந்து போகிறான். முழுவதும் பாட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிப் பாட்டில் ஊர் எல்லையில் ஒரு கிழவர் நிற்கிறார். விரல்கள் குளிரில் விறைத்திருக்க, கைப்பிடியைச் சுற்றி ஒரு நரம்பு வாத்தியத்தை வாசிக்கிறார். தட்டில் ஒரு காசும் இல்லை. கேட்பாரும் இல்லை. பியானோவின் இடக்கை தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டே சுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நம் தம்பூராவின் சுருதியைப் போல.

நண்பர்கள் இவற்றை முதலில் கேட்டபோது திகைத்துப் போனார்கள். தமக்கு இவையே மிகவும் பிடித்தவை என்றும், அவர்களுக்கும் ஒரு நாள் பிடிக்கும் என்றும் சூபர்ட் சொன்னாராம். 1828 நவம்பரில், 31 வயதில் அவர் காலமானார். 600க்கும் மேற்பட்ட பாடல்கள் எஞ்சின.

நேயர்களே, இந்த இசை செல்வர்களுக்கு மட்டும் உரியதன்று. டீட்ரிக் பிஷர்-டீஸ்காவ் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் பாடகர், 1945இல் இத்தாலியில் போர்க்கைதியானார். முகாமில் வீட்டை நினைத்து ஏங்கிக் கிடந்த சக கைதிகளுக்கு இப்படிப்பட்ட பாடல்களைப் பாடினார். விடுதலையானபின், 1948இல் பெர்லின் வானொலிக்காக ‘குளிர்காலப் பயணம்’ முழுவதையும் பாடினார். அவருக்குப் பல ஆண்டுகள் பியானோ வாசித்த ஜெரால்ட் மூர், 1962இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ‘என் வாசிப்பு சத்தம் அதிகமா?’ என்பது அந்த நூலின் பெயர். பாடகரை மூழ்கடிக்காமலும் பின்தங்காமலும் கூடவே நடப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

இத்தகைய இசையைக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, பாட்டின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அச்சிட்ட நிகழ்ச்சிநிரலில் பெரும்பாலும் அது இருக்கும். இரண்டாவது, குரல் எழும்புமுன் பியானோ என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். மூன்றாவது, ஒரே கதையாகத் தொடரும் பாடல்களுக்கு நடுவில் கைதட்டாமல், முடிவில் தட்டுங்கள். கேட்பவர்களின் கவனம் கலையக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. நான் அன்று செய்தது அறியாமையே தவிர, குற்றமன்று. தெரியாத வழக்கத்தை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். அதற்காகக் கூச வேண்டியதில்லை.

உங்கள் பிள்ளைகள் புரியாத மொழிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தால், ‘நமக்கு எதற்கு இது?’ என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளையை இழந்த தந்தையின் துயரமும், வெறுந்தட்டோடு நிற்கும் கிழவரின் நிலையும் எந்த மொழியில் பாடினாலும் நம் வீட்டுக் கதைகளே.